வட்டத்துக்குள் எத்தனை வட்டம்?
அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வழியே ஒரு சொல்லாய்வு

அம்பத்தூரில் வீடு வைத்திருப்பவரின் பட்டாவில் 'அம்பத்தூர் வட்டம்' என்று இருக்கும். அங்கே வட்டம் என்றால் தாலுகா. அதே தெருச் சுவரில் ஒட்டியிருக்கும் கட்சிச் சுவரொட்டியிலும் வட்டம் என்று இருக்கும். அது மாநகராட்சி வார்டு. மின்வாரியக் கடிதத்தில் வரும் வட்டம் பல கோட்டங்களை அடக்கியது. அஞ்சல் துறை வட்டம் என்று சொன்னால் தமிழ்நாடு முழுவதும் அதற்குள் வந்துவிடும். அந்த வீட்டுப் பிள்ளை கணக்கு நோட்டில் காம்பஸ் ஊன்றிப் போடுவதும் வட்டம்தான்.

ஒரு வடிவத்தின் பெயர் இத்தனை இடங்களுக்குப் போனது எப்படி? போன இடங்களிலெல்லாம் அது ஒழுங்காகப் பொருள் தருகிறதா? வட்டத்தோடு கோட்டம், மண்டலம், வட்டாரம், மாவட்டம் என்ற உறவுச் சொற்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்கும். அதற்குச் சென்னையின் மேற்குப் புறநகரைப் போலப் பொருத்தமான களம் அதிகமில்லை. பட்டறையும் தொழிற்சாலையும் நிறைந்த பகுதி இது. கடந்த முப்பது ஆண்டுகளில் நிர்வாக எல்லைகள் அடிக்கடி மாறிய பகுதியும் இதுவே. வட்டம் என்ற சொல் இங்கே கையிலும் புழங்குகிறது, காகிதத்திலும் புழங்குகிறது.

வேரும் உறவும்

வட்டம் என்ற சொல்லின் பிறப்பைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. வடமொழி 'விருத்த' பிராகிருதத்தில் 'வட்ட' ஆகி, அங்கிருந்து தமிழுக்கு வந்தது என்பர் ஒரு சாரார். வளைதலைக் குறிக்கும் 'வள்' என்ற தமிழ் வேரிலிருந்து வளை, வளையம், வட்டு, வட்டம் எல்லாம் கிளைத்தன என்பர் மற்றொரு சாரார். எந்தப் பக்கம் நின்றாலும், இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழில் ஊறி, தமிழ் விகுதிகளோடு குடும்பம் பெருக்கிய சொல் இது என்பதில் ஐயமில்லை.

அந்தக் குடும்பம் பெரியது. வட்டு என்பது தட்டையான உருண்டைக் காய். கல்லாமை அதிகாரத்தில் திருவள்ளுவர், நூலறிவு இல்லாமல் அவையில் பேசுவதை, கட்டம் வரையாமல் வட்டாடுவதற்கு ஒப்பிடுகிறார். அந்த வட்டுதான் இன்று குறுவட்டாகி, வன்வட்டாகிக் கணினிக்குள் போயிருக்கிறது. வட்டில் உண்கலம். வட்டா வாயகன்ற பாத்திரம். ஆலவட்டம் கோயில் ஊர்வலத்தில் பிடிக்கும் பெரிய விசிறி. வட்டெழுத்து பழைய எழுத்து முறை. அதன் வளைந்த உருவத்தால் வந்த பெயர் என்பது பரவலான விளக்கம்.

வளை என்ற வேர் வளையல், வளையம், வளைவு ஆகியவற்றோடு நின்றுவிடவில்லை. வளாகம் என்பதும் அதன் வழி வந்ததே. சூழப்பட்ட இடம் என்பது அதன் அடிப்படை. இன்று அம்பத்தூரில் வணிக வளாகம், தொழில்நுட்ப வளாகம் என்று பெயர்ப்பலகைகள் நிற்கின்றன. அவற்றில் எதுவும் வட்டமாக இல்லை. ஆனால் எல்லாவற்றையும் சுற்றிச் சுவர் இருக்கிறது. அந்தச் சுவரில்தான் சொல்லின் பழைய பொருள் பிழைத்திருக்கிறது.

மூன்றாவது வேர் கோடு. கோடுதல் என்றால் வளைதல். கோணல், கோணம், கோட்டம் எல்லாம் அதன் பிள்ளைகள். வளைந்த கொம்பும் கோடு, மலையுச்சியும் கோடு, நேராக இழுக்கும் கீற்றும் கோடு. வளைவைக் குறித்த வேரிலேயே நேர்க்கோட்டுக்கும் பெயர் அமைந்தது தமிழின் வியப்புகளில் ஒன்று. நடுவுநிலைமை அதிகாரத்தில் சொல்லில் வளைவு இல்லாமையையே நேர்மை என்கிறது திருக்குறள். அங்கே வளைவுக்கு நிற்கும் சொல் கோட்டம். நான்காவது, வடமொழியிலிருந்து வந்த மண்டலம். அதற்கும் முதற்பொருள் வட்டமே.

நிர்வாகத் தமிழ் இன்று நிலத்தைப் பிரிக்கும் பெயர்களில் பெரும்பாலானவை இந்தச் சுற்றுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஆய்வுக்கு உரிய முடிச்சு இங்கே இருக்கிறது.

கையில் இருக்கும் வட்டம்

முதலில் முடிச்சு விழாத இடத்தைப் பார்ப்போம். மேற்குப் புறநகர் சக்கரத்தால் வளர்ந்த பகுதி. 1949இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கியது. 1960இல் தொடங்கப்பட்ட வீல்ஸ் இந்தியா பாடியில் வாகனச் சக்கரங்கள் செய்தது. அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலை இயங்கியது. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை டாங்கிகளைச் செய்யத் தொடங்கியது. இவற்றுக்கு உதிரிப்பாகம் செய்து கொடுக்கச் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. ரிம், ரிங், வாஷர், புஷ், பேரிங், புல்லி என்று அங்கே செய்யப்படுவதில் பாதிக்கு மேல் வட்டம்.

அந்தப் பட்டறைகளில் 'வட்டம்' என்ற சொல் அதிகம் கேட்காது. '25 டயா ரவுண்டு ராடு' என்றுதான் கேட்பார்கள். லேத்தில் ஒரு துண்டைப் பிடித்து ஓட்டும்போது அது நடுமையத்தில் சுழல்கிறதா என்று டயல் வைத்துப் பார்ப்பார்கள். முள் அசையாமல் நின்றால் துண்டு சரி. முள் ஆடினால் மையம் விலகியிருக்கிறது. ஆங்கிலச் சொற்கள்தான் என்றாலும் யாருக்கும் குழப்பமில்லை. இரும்பு கையில் இருக்கிறது, முள் கண்முன் ஆடுகிறது.

சைக்கிள் கடைக்குப் போனால் இந்த ஆய்வுக்கு நேரடியாக உதவும் ஒரு சொல் கிடைக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ரிம் வளைந்துவிட்டால், 'வீல் கோட்டம் ஆயிடுச்சு' என்பார்கள். அதைச் சரிசெய்வது கோட்டம் எடுப்பது. கடைக்காரர் சக்கரத்தைக் கவட்டையில் மாட்டிச் சுழற்றிவிடுவார். ரிம்முக்கு அருகே சாக்கட்டியை அசையாமல் பிடிப்பார். ரிம் எங்கே பிதுங்கியிருக்கிறதோ அந்த இடத்தில் மட்டும் சாக்கட்டி உரசி வெள்ளைக் கீற்று விழும். அந்தப் பக்கத்து ஸ்போக்கை அரைச் சுற்றுத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்து ஸ்போக்கை அரைச் சுற்று இறுக்குவார். மறுபடி சுழற்றுவார். கீற்று நீளும், பிறகு மங்கும், கடைசியில் சாக்கட்டி எதையும் தொடாமல் நிற்கும். பக்கவாட்டு ஆட்டம் தீர்ந்த பிறகு மேலும் கீழும் ஏறியிறங்குகிறதா என்று பார்ப்பார். முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 ஸ்போக்குகள் கொண்ட பழைய பெரிய சைக்கிளில் இது பொறுமை வேண்டும் வேலை.

அந்தக் கடைக்காரர் சொல்லும் கோட்டம் திருக்குறளின் கோட்டத்துக்கு நேர் வாரிசு. வளைவு என்ற அதே பொருள், இடையில் எந்தச் சிதைவும் இல்லாமல் வந்திருக்கிறது. இதே ஊரில் மின்வாரியக் கோட்ட அலுவலகத்தின் பலகையில் உள்ள கோட்டம் வேறு. அதில் வளைவும் இல்லை, வடிவமும் இல்லை. ஒரே சொல் தெருவில் ஒரு பொருளோடும் அலுவலகத்தில் வேறு பொருளோடும் வாழ்கிறது.

வகுப்பறையில் வண்டியும் வில்லும்

பள்ளிக்கூட வடிவியல் தமிழின் பெருமைக்குரிய பகுதி. வட்டத்தின் உறுப்புகளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்தும் வண்டியிலிருந்தும் வேட்டையிலிருந்தும் வந்தவை. விட்டம் என்பது கூரையைத் தாங்கச் சுவருக்குச் சுவர் போடும் உத்தரம். வட்டத்தை நடுவாகக் கடக்கும் கோட்டுக்கு அந்தப் பெயர் வந்தது. சக்கரத்தின் குடத்திலிருந்து விளிம்புக்குப் போகும் ஆரக்காலின் பெயரே ஆரம். இலங்கைத் தமிழர் அதை ஆரை என்பர். வட்டத்தின் ஒரு பகுதி வில், அதன் இரு முனைகளை இணைப்பது நாண். சூரியனையும் அதைச் சூழும் ஒளி வளையத்தையும் குறித்த பரிதி, வட்டத்தின் சுற்றளவுக்குப் பெயராயிற்று.

இதைச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்தையும் ஒரு வில்லையும் வரைந்து காட்டினால், பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. சொல்லே படமாக நிற்கும். கலைச்சொல் என்பது பழகிய பொருளிலிருந்து எழும்போது எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. கணக்குப் பாடத்தில் வட்டம் என்பது மையத்திலிருந்து சம தூரத்தில் ஓடும் கோடு மட்டுமே. உள்ளே இருப்பது வட்டத்தின் பரப்பு. பழைய கணக்கதிகார மரபிலும் வட்டம் என்ற சொல் சுற்றளவைக் குறித்து வருகிறது. சுற்றளவின் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கினால் பரப்பு கிடைக்கும் என்பது அந்த மரபின் விதி. இன்றைய சூத்திரமும் அதே விடையைத்தான் தரும். நிர்வாகத் தமிழில் நிலைமை தலைகீழ். அங்கே வட்டம் என்பது உள்ளே இருக்கும் நிலமும் மக்களும். அதன் கோட்டுக்கு எல்லை என்று தனிப்பெயர்.

முழு வட்டம் ஆகாத வடிவத்துக்கும் இந்தப் பகுதியில் பெயர் உண்டு. பாடியில் உள்ள திருவலிதாயம் கோயிலின் கருவறை விமானம் பின்புறம் அரைவட்டமாக வளைந்தது. தொண்டை மண்டலத்துச் சிவன் கோயில்கள் பலவற்றில் இந்த அமைப்பைக் காணலாம். நம் முன்னோர் அதை வடிவியல் சொல்லால் குறிக்கவில்லை. படுத்திருக்கும் யானையின் பின்புறத்தைக் கண்டு தூங்கானை மாடம் என்றார்கள்.

நிலமான வட்டம்

வட்டம் நிலத்தின் பெயரான கதைக்கு வருவோம். வெள்ளையர் ஆட்சியில் நிலப் பிரிவுகளுக்கு அரபு, பாரசீக வழி வந்த சொற்களே வழங்கின: ஜில்லா, தாலுகா, பிர்கா. தாலுகா என்பதன் அடி 'தொடர்பு', 'சார்பு' என்ற பொருளுடையது. ஜில்லாவின் அடிச்சொல்லுக்கு 'விலா', 'பக்கம்' என்பது பொருள். 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பிறகு, படிப்படியாக இவற்றுக்குத் தமிழ்ப் பெயர்கள் நிலைபெற்றன. ஜில்லா மாவட்டம் ஆயிற்று. தாலுகா வட்டம் ஆயிற்று. பிர்கா குறுவட்டம் ஆயிற்று. தாசில்தார் வட்டாட்சியர் ஆனார்.

பெயரமைப்பில் ஓர் அழகு இருந்தது. மா, குறு என்ற இரண்டு அடைகளை வைத்தே பெரிய வட்டம், நடு வட்டம், சிறு வட்டம் என்று மூன்று படிகளைக் காட்டிவிட்டார்கள். படிக்காதவருக்கும் எது எதற்குள் என்று விளங்கும். நடுவில் ஓர் அலுவலகம், அதைச் சுற்றிக் கிராமங்கள், எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே தூரம் என்ற நல்ல எண்ணமும் அந்தப் பெயருக்குள் இருந்தது.

மேற்குப் புறநகரில் அந்த எண்ணம் பலமுறை சோதனைக்கு உள்ளானது. அம்பத்தூரின் பழைய பத்திரங்களை எடுத்தால் 'செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா' என்று இருக்கும். பிறகு மாவட்டத்தின் பெயர் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்று மாறியது. 1997இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிந்தபோது அம்பத்தூர் திருவள்ளூருக்குப் போனது. 2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆனாலும் வருவாய்க் கணக்கில் திருவள்ளூர் மாவட்டமாகவே நீடித்தது. 2018இல் சென்னை மாவட்டத்தின் பரப்பு மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டருக்கு விரிந்தபோதுதான் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்துக்கு வந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்து வட்டங்களாகவே இருக்கின்றன.

வீடு அதே இடத்தில் நிற்கிறது. கிணறும் மாமரமும் அதே இடத்தில். காகிதத்தில் மட்டும் அது ஒரு தலைமுறைக்குள் நான்கு மாவட்டப் பெயர்களைப் பார்த்துவிட்டது. வில்லங்கம் பார்ப்பவர், வாரிசுச் சான்று வாங்குபவர், வங்கிக் கடனுக்கு மூலப்பத்திரம் கொடுப்பவர் ஒவ்வொருவரும் இந்தப் பெயர்களை அடுக்கி விளக்க வேண்டியிருக்கிறது.

மாறிப்போகும் படிகள்

நிலம் இடம் மாறியது ஒரு சிக்கல் என்றால், சொற்கள் படி மாறியது அதைவிடப் பெரிய சிக்கல். துறைவாரியாகப் பார்த்தால் இது தெளிவாகும்.

வருவாய்த் துறையில் மாவட்டத்துக்குக் கீழே கோட்டம், அதற்குக் கீழே வட்டம், பிறகு குறுவட்டம், கிராமம். கோட்டாட்சியர் வட்டாட்சியருக்கு மேலதிகாரி. அதாவது கோட்டம் பெரிது, வட்டம் சிறிது.

மின்வாரியத்தில் மண்டலத்துக்குக் கீழே வட்டம், வட்டத்துக்குக் கீழே கோட்டம், பிறகு உபகோட்டம், பிரிவு. அம்பத்தூர் அங்கே ஒரு கோட்டம். அதற்கு மேலே சென்னை மேற்கு மின்பகிர்மான வட்டம். வட்டத்துக்கு மேற்பார்வைப் பொறியாளர், கோட்டத்துக்குச் செயற்பொறியாளர். இங்கே வட்டம் பெரிது, கோட்டம் சிறிது. நெடுஞ்சாலைத் துறையிலும் இதே வரிசைதான்.

அஞ்சல் துறையில் தமிழ்நாடு முழுவதும் ஒரே வட்டம். அதற்குள் மண்டலங்கள், மண்டலத்துக்குள் கோட்டங்கள். மின்வாரியத்தில் மண்டலத்துக்குள் வட்டம். அஞ்சலில் வட்டத்துக்குள் மண்டலம். ரயில்வேயில் வட்டத்துக்கு இடமே இல்லை. தெற்கு ரயில்வே ஒரு மண்டலம், சென்னை அதில் ஒரு கோட்டம். அந்தக் கோட்டம் ஆவடி வழியாக அரக்கோணத்தையும் தாண்டி விரிந்து கிடக்கிறது. மாநகராட்சியில் மண்டலம் என்பது சில வார்டுகளின் தொகுப்பு. 2011இல் சென்னை 200 வார்டுகளாகவும் 15 மண்டலங்களாகவும் பிரிக்கப்பட்டபோது அம்பத்தூர் 7ஆவது மண்டலம் ஆனது. ரேஷன் அட்டைக்கான உணவு வழங்கல் துறையும் சென்னையை மண்டலங்களாகவே பிரிக்கிறது. ஆனால் அந்த மண்டலங்கள் 19. அவற்றின் எல்லைகளும் தனி.

இந்த வரிசைகளின் காரணம் எளிது. ஆங்கிலேயர் காலத்திலேயே ஒவ்வொரு துறையும் தனக்குத் தேவையான அளவில் தன் பிரிவுகளை அமைத்துக்கொண்டது. வருவாய்த் துறை தாலுகாவைத் தமிழில் வட்டம் என்றது. பொறியியல் துறைகள் தங்கள் 'சர்க்கிள்' என்ற பிரிவை வட்டம் என்றன. இரண்டு வெவ்வேறு மூலச் சொற்கள் தமிழில் ஒரே சொல்லில் வந்து விழுந்தன. கோட்டத்துக்கும் அதே கதி. ஒவ்வொரு துறையும் தன் அளவில் சரியாகத்தான் செய்தது. எல்லாத் துறைகளையும் ஒருசேர வைத்துப் பார்க்க யாரும் உட்காரவில்லை.

கோட்டத்தின் பழைய வரலாறு இந்தக் குழப்பத்தை இன்னும் ஆழமாக்குகிறது. தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகப் பிரிந்திருந்தது என்பது மரபு. புழற்கோட்டம், புலியூர்க் கோட்டம் என்று இன்றைய சென்னையைச் சூழ்ந்த கோட்டங்களைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. புழல் ஏரி அம்பத்தூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோட்டம் என்றால் கோயில். மணிமேகலையில் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆகிறது. 1976இல் சென்னையில் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் அந்தப் பழைய பொருளை மீட்டுக்கொண்டது. வளைவு, சூழப்பட்ட இடம், கோயில், நாட்டுப்பிரிவு, அதிகாரியின் ஆட்சி எல்லை என்று ஐந்து பொருள்கள் ஒரு சொல்லுக்குள். முதல் நான்குக்கும் இடையே ஓடும் இழை தெரிகிறது. ஐந்தாவதில் அது அறுந்துவிட்டது.

வட்டாரமும் மாவட்டங்களும்

வட்டாரம் என்பது பேச்சில் இனிய சொல். 'ஆவடி சுற்றுவட்டாரத்தில்' என்று செய்தி வாசிப்பவர் சொன்னால் எல்லை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. திருநின்றவூர் வரை ஒருவர் நினைப்பார், பட்டாபிராமோடு இன்னொருவர் நிறுத்திக்கொள்வார். இலக்கியத்தில் வட்டார வழக்கு என்பது ஒரு நிலத்தின் பேச்சு மணம். ஆனால் வட்டார வளர்ச்சி அலுவலர் என்னும்போது அது ஊராட்சி ஒன்றியம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் என்னும்போது அது வண்டிப் பதிவுக்கான பகுதி. பூந்தமல்லி அலுவலகத்தில் பதிவான வண்டிக்கு டிஎன் 12, அம்பத்தூர் என்றால் டிஎன் 13. ஒன்றியத்தின் எல்லையும் வண்டிப் பதிவின் எல்லையும் ஒன்றல்ல.

மாவட்டமும் பெருகிவிட்டது. ஆட்சியர் மாவட்டத்தோடு கல்வி மாவட்டம், பதிவு மாவட்டம், சுகாதார மாவட்டம், காவல் மாவட்டம் என்று பல. பூந்தமல்லி ஆட்சியர் கணக்கில் ஒரு வட்டம். சுகாதாரத் துறையில் அதன் பெயரிலேயே ஒரு மாவட்டம். ஆவடியில் 2019இல் மாநகராட்சியும் 2022இல் காவல் ஆணையரகமும் வந்தன. அந்த ஆணையரகத்துக்குள் ஆவடி, செங்குன்றம் என்று காவல் மாவட்டங்கள். ஆட்சியர் அலுவலகம் மட்டும் திருவள்ளூரில். ஆவடியில் குடியிருக்கும் ஒருவர் 'உங்க மாவட்டம் எது?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லுமுன், கேட்பவர் எந்தத் துறை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பள்ளி விளையாட்டுப் போட்டியில் குறுவட்டம் மறுபடி வருகிறது. குறுவட்ட அளவில் வென்ற பிள்ளை அடுத்து மாவட்ட அளவுக்குப் போகும். அந்தக் குறுவட்டம் பள்ளிகளின் தொகுப்பு. வருவாய் ஆய்வாளர் பார்க்கும் குறுவட்டம் கிராமங்களின் தொகுப்பு.

மனிதரான வட்டம்

மக்கள் இந்தச் சொல்லைத் தங்கள் போக்கில் வேறொரு திசைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். திராவிடக் கட்சிகளில் சென்னை மாநகரத்துக்குள் வட்டச் செயலாளர் என்பவர் ஒரு வார்டின் பொறுப்பாளர். அவருக்கு மேலே பகுதிச் செயலாளர், அதற்கு மேலே மாவட்டச் செயலாளர். கம்யூனிஸ்ட் கட்சியில் வட்டச் செயலாளர் தாலுகா அளவில் பொறுப்பு உள்ளவர். கட்சிக்காரர்களின் பேச்சில் 'செயலாளர்' என்ற பாதி உதிர்ந்துவிடும். 'மாவட்டம் வர்றாரு', 'வட்டத்துக்கிட்ட சொல்லிட்டேன்' என்பார்கள். வடிவம் இடமாகி, இடம் மனிதராகிவிட்டது. ஆனாலும் எந்தத் தொண்டரும் இதில் குழம்புவதில்லை. யாரைச் சொல்கிறோம் என்பது பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரியும்.

நண்பர் வட்டம், வாசகர் வட்டம் என்பவை இன்னும் மென்மையானவை. கிளை நூலகங்கள்தோறும் வாசகர் வட்டம் உண்டு. 1960களில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி நடத்திய பதிப்பகத்துக்கே வாசகர் வட்டம் என்று பெயர். இங்கே வட்டத்துக்கு மையமும் இல்லை, எல்லையும் இல்லை. முகம் பார்த்து உட்கார்ந்தவர்களின் சமநிலை மட்டுமே உண்டு. வட்டமேசை மாநாட்டுக்கும் அந்தச் சமநிலைதான் பெயர் தந்தது.

மண்டலமும் இப்படிக் காலத்துக்குள் போயிருக்கிறது. சித்த மருத்துவர் ஒரு மண்டலம் மருந்து சாப்பிடச் சொன்னால் 48 நாள். சபரிமலைக்கு மாலை போடுபவருக்கு மண்டலம் 41 நாள். வானிலையில் காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வேகத்தில் சுழன்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 50ஐத் தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62ஐ எட்டினால் புயல். மழைக்காலத்தில் கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் இருப்பவர்கள் ஒரே செய்தியில் தாழ்வு மண்டலத்தையும் மாநகராட்சி மண்டலத்தையும் சேர்த்துக் கேட்கிறார்கள். முன்னே வரும் 'தாழ்வு' என்ற ஒரு சொல் போதும், பொருள் பிரிந்துவிடுகிறது. இந்தச் சிறு உண்மையில் நம் சிக்கலுக்கு மருந்தும் இருக்கிறது.

வட்டம் என்ற பெயர், பிறை என்ற வடிவம்

பெயருக்கும் உருவத்துக்கும் உள்ள இடைவெளியைச் சாலைகளில் கண்கூடாகக் காணலாம். வண்டலூரில் தொடங்கி பூந்தமல்லி அருகே நசரத்பேட்டையையும், ஆவடிக்கு அப்பால் நெமிலிச்சேரியையும் தொட்டு மீஞ்சூருக்குப் போகும் வெளிவட்டச் சாலை சுமார் 60 கிலோமீட்டர் நீளம். பெயரில் வட்டம் இருந்தாலும் அது வட்டம் அல்ல. கிழக்கே கடல் இருக்கும் ஊருக்கு வட்டச் சாலை பாதிதான் அமையும். அந்தப் பாதி முழுவதும் மேற்கில் விழுந்ததால்தான், நகரைச் சுற்றிப் போக வேண்டிய லாரிகளும் கன்டெய்னர்களும் மேற்குப் புறநகரின் வாசல் வழியே போகின்றன. இதற்கும் வெளியே எண்ணூரையும் மாமல்லபுரத்தையும் இணைக்கத் திட்டமிட்ட சென்னை எல்லைச் சாலையும் அப்படியே ஒரு பெரிய பிறை. மேற்கு மக்களுக்கு வட்டம் என்பது வரைபடத்து அலங்காரம் அல்ல; அவர்கள் ஏரிகளையும் வயல்களையும் தெருக்களையும் தொட்டுப் போகும் பாரம்.

என்ன செய்யலாம்

தொகுத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. பட்டறையில் பொருள் கையில் இருக்கிறது. வகுப்பில் படம் பலகையில் இருக்கிறது. கட்சிக்காரருக்கு ஆள் எதிரே இருக்கிறார். இந்த இடங்களில் சொல் எத்தனை பொருள் கொண்டாலும் கெடுதல் இல்லை, வளம்தான். அலுவலகத்தில் மட்டும் கண்முன் எதுவும் இல்லை. மனு கொடுக்க வருபவர் ஒரு பெயர்ப்பலகையையும் ஒரு படிவத்தையும் மட்டுமே பார்க்கிறார். அங்கே வட்டம் என்ற வெறுஞ்சொல் அவரைத் தவறான வரிசையில் நிற்க வைக்கிறது. ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் அந்தச் சொல்லுக்காகப் போகின்றன.

சொற்களை மாற்றுவது தீர்வு ஆகாது. கோட்டத்தையும் வட்டத்தையும் எடுத்துவிட்டுப் புதுச் சொல் புகுத்தினால் பத்திரங்களில் இன்னொரு பெயர் கூடும், அவ்வளவுதான். தாலுகா ஆபீஸ், ஆர்டிஓ ஆபீஸ், ஈபி ஆபீஸ் என்று மக்கள் இன்றும் சொல்வது தமிழ்ப்பற்று குறைந்ததால் அல்ல. அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரே அலுவலகத்தைக் காட்டுகின்றன. தமிழ்ப் பெயர்களும் அதே தெளிவைப் பெற வழி இருக்கிறது. துறைப்பெயரை ஒட்டாமல் இந்தச் சொற்களை எழுதக் கூடாது என்று ஒரு விதி போதும். 'வருவாய் வட்டம்', 'மின் வட்டம்', 'அஞ்சல் வட்டம்', 'வருவாய்க் கோட்டம்', 'மின் கோட்டம்', 'மாநகராட்சி மண்டலம்' என்று பலகையிலும் படிவத்திலும் ரசீதிலும் ஒரே சீராக எழுதலாம். காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தை யாரும் வேறொன்றாக நினைக்காததற்குக் காரணம் அதன் அடைமொழிதான்.

இரண்டாவது, எல்லை மாறும்போது பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்து அச்சிட்ட ஊர்வாரியான பட்டியல் ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் சுவரில் தொங்க வேண்டும். சைதாப்பேட்டை தாலுகா என்று பத்திரம் வைத்திருக்கும் ஒரு முதியவர், தன் வீடு இன்று எந்த வட்டத்தில் என்பதை யாரிடமும் கெஞ்சாமல் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, பள்ளிப் பாடத்தில் இந்தச் சொற்குடும்பத்துக்கு ஒரு பாடம் வேண்டும். விட்டம் எங்கிருந்து வந்தது, ஆரம் எது, கோட்டம் என்றால் என்ன என்று கற்கும் பிள்ளைக்குக் கணக்கும் தமிழும் சேர்ந்து விளங்கும். அம்பத்தூர்ப் பள்ளி என்றால் பக்கத்துச் சைக்கிள் கடையே செய்முறைக் கூடம்.

வட்டம் என்ற சொல்லுக்குப் பழுது இல்லை. இவ்வளவு பொருளையும் அது இத்தனை காலம் சுமந்து வந்திருக்கிறது. அதை ஆளும் துறைகள் தங்கள் பெயரை அதன் முன்னால் வைத்து எழுதினால், அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் மனுவோடு கிளம்புகிறவர் முதல் அலுவலகத்திலேயே வேலையை முடித்துக்கொண்டு வீடு திரும்புவார்.